ஐந்தரை மணிக்குக் கிளம்புகிறவள்

டீச்சர் வருவதற்கு முன்பே பத்தொன்பது வருடம் அந்த ஆபீசில் வேலை பார்த்தவள் நான். காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை என்று வாசல் பலகையில் எழுதியிருக்கும். அதைச் சும்மா எழுதி வைத்தது என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஐந்தரைக்கு ஒருத்தி எழுந்து, கம்ப்யூட்டரை அணைத்து, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, "வாரேங்க்கா" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே போக முடியும் என்பதை அவள் வந்த பிறகுதான் பார்த்தேன்.

நேரில் அவளை "நீங்க, வாங்க" என்றுதான் பேசுவேன். மனசுக்குள் எப்போதும் "அவள்"தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

எங்களுடையது சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகம். வருடத்தில் பாதி மாதங்கள் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்போம். மீதிப் பாதி காலண்டர். நான் ஆர்டர் பிரிவு. ஆர்டர் கொடுப்பவர்களைப் பார்ட்டி என்போம். ஒரு பார்ட்டி கேட்டதை எழுதி வாங்கி, டிசைன் போடுகிறவரிடம் கொடுத்து, மாதிரியைப் பார்ட்டிக்கு அனுப்பி, அவர்கள் சரி என்று சொன்ன பிறகு மெஷினுக்குத் தள்ளி, லோடு ஏறுகிற வரைக்கும் அதன் பின்னாலேயே ஓட வேண்டும். எந்தக் கடைக்காரர் போன வருடம் முருகன் படம் கேட்டார், யார் தன் அப்பா போட்டோவை லட்சுமி படத்துக்கு மேலே வைக்கக் கூடாது என்றார், யாருக்குத் தேதி சிவப்பில் இருந்தால் பிடிக்காது, எல்லாம் என் மண்டைக்குள் இருந்தது. முதலாளிக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும், "அக்காவக் கேளுங்கப்பா" என்பார். என்னைவிட அவர் இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் ஆபீசில் எல்லோரும் கூப்பிடுவதால் அவருக்கும் நான் அக்காதான். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் அத்தனை வருடம் வயிறு நிறைந்து இருந்தேன்.

முன்பெல்லாம் பார்ட்டிகள் போனில் பேசினார்கள். கடைகளில் அப்பாக்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் மகன்கள் உட்கார்ந்த பிறகு எல்லாமே மெயிலாகிவிட்டது. ஒரு லேபிளில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும் என்றால்கூட மெயில். நன்றி என்று ஒரு மெயில். நன்றி கிடைத்தது என்று இன்னொரு மெயில். ஒவ்வொன்று வரும்போதும் கம்ப்யூட்டர் "டிங்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். கையில் எந்த வேலை இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு அதைத் திறப்பேன். முக்கியமாகத் தெரிந்தால் பிரிண்ட் எடுத்துக் கிளிப்பில் மாட்டுவேன். அதற்குள் அடுத்த டிங். மத்தியானச் சாப்பாட்டை மேசையிலேயே, ஒரு கை மவுஸில் இருக்க, மறு கையால் சாப்பிடுவேன். வாங்கி வைத்த டீ ஆடை படிந்து கிடக்கும். ஏழு மணிக்குக் கிளம்பும்போது தலைக்குள் இன்னும் டிங் டிங் என்று கேட்டுக்கொண்டிருக்கும். இதைத்தான் வேலை என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்தில், முதலாளி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா, இவுக கம்ப்யூட்டர் டீச்சரா இருந்தவுக. ஒங்களுக்குத் தொணையா இருக்கட்டும். பழைய பார்ட்டியெல்லாம் நீங்க பாருங்க. புதுசா வாரதெல்லாம் இவுக பாக்கட்டும்."

என்னைவிட இரண்டு வயது சின்னவள். சாத்தூர் பக்கம் வீடு. வெளுத்துப்போன ஒரு ஸ்கூட்டரில் வருவாள். ஆபீசில் எல்லோரும் முதல் நாளே டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆர்டர் பிரிவுக்கு ஒரே மெயில் முகவரிதான். அதை என் கம்ப்யூட்டரிலும் அவள் கம்ப்யூட்டரிலும் திறந்து வைத்திருந்தோம்; அடுக்கி வைப்பது அவரவர் கம்ப்யூட்டரில் அவரவர் விருப்பம். எனக்கு எதிரே போட்டிருந்த மேசைதான் அவளுக்கு. தலையை நிமிர்த்தினால் அவள் முகம்தான்.

முதல் வாரம் அவள் அதிகமாகப் பேசவில்லை. ஒரு நாள் மட்டும் கேட்டாள்:

"அக்கா, நீங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ மெயில் பாப்பீக?"

"வரும்போதெல்லாம் பாக்க வேண்டியதுதான்."

"நான் மூணே தடவதான் பாப்பேன். காலைல, மத்தியானம், சாயங்காலம்."

சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். முதலாளிக்கு ஒரு மாதத்தில் தெரிந்துவிடும் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

ஒரு மாதத்தில் தெரிந்தது வேறு. அவள் மெயில் பெட்டியில் எல்லாம் தானாகவே பிரிந்து போய் உட்கார்ந்தன. லேபிள் பார்ட்டி ஒரு பக்கம், காலண்டர் பார்ட்டி ஒரு பக்கம், பேப்பர் விற்கிறவர்களின் விளம்பரம் கண்ணிலேயே படாத ஒரு மூலைக்கு. அடிக்கடி எழுதும் பதில்களை ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினாள். எந்த டிசைன் எந்தத் தேதிக்குள் சரி ஆக வேண்டும், எந்த மெஷின் எப்போது காலி, எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும் காலண்டரில் கலர் கலராகக் கட்டம் கட்டி வைத்திருந்தாள். அது ஒரு நாள் முன்னாலேயே அவளுக்கு ஞாபகப்படுத்தியது. அவள் கம்ப்யூட்டரிலிருந்து டிங் என்று ஒரு சத்தம் நான் கேட்டதே இல்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு அவள் டிபன் பாக்ஸை எடுத்து வைத்து, கண்ணை மூடி, ஒரு சின்ன ஜெபம் சொல்வாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வாயாக, மறு கை சும்மா இருக்கிற ஒருத்தி சாப்பிடுவதுபோலச் சாப்பிடுவாள். எனக்கு அவள் ஜெபத்தின் மேல்கூடப் பொறாமை வந்தது. கண்ணை மூடிக்கொள்ள அவளுக்கு நேரம் இருந்ததே, அதன் மேல். அவள் டீயை ஆவி பறக்கும்போதே குடித்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே என் ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

ஒரு நாள் முதலாளி அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். கையில் போன், மறுமுனையில் யாரோ காத்திருக்கிறார்கள்.

"ஏழாயிரம்பண்ணை பார்ட்டி லேபிள் என்னாச்சு?"

அது என்னுடைய பார்ட்டி. எனக்குத் தெரியும். கிளிப்பில் மேலிருந்து நான்காவது தாள். கையை நீட்டினேன். அதற்குள் அவள் தலையைக்கூடத் திருப்பாமல், "நேத்தே மாதிரிய அனுப்பியாச்சு அண்ணாச்சி, இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள சரி சொல்லிருவாக, நாளைக்குக் காலைல மெஷின்" என்றாள். முதலாளி அதை அப்படியே போனில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த வாரத்திலிருந்து அவர் அறையிலிருந்து வெளியே வரும்போது அவர் முகம் முதலில் திரும்புகிற பக்கம் மாறிவிட்டது. வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். பத்தொன்பது வருடம் அந்த முகம் தன் பக்கம் திரும்பிப் பழகியவளுக்குத்தான் அது தெரியும்.

ஆடி மாதம் வந்தது. ஆடிப்பெருக்கு அன்று புது வருடக் காலண்டர் மாதிரிகள் வெளியாகும். அதிலிருந்து எங்களுக்குச் சீசன். முதலாளி எங்களைக் கூப்பிட்டு, இனி எல்லோரும் கம்ப்யூட்டர் காலண்டரில்தான் வேலையைப் போட வேண்டும், ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரிய வேண்டும் என்றார்.

"நம்மளே காலண்டர் அடிக்கோம். நமக்கு ஒரு காலண்டரா அண்ணாச்சி?" என்று சிரித்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

டீச்சர் என் கம்ப்யூட்டரிலும் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தாள். "சொல்லித் தரட்டுமாக்கா? பத்து நிமிசம் போதும்" என்றாள்.

"வேணாம் டீச்சர். எனக்கு எல்லாம் மண்டையிலயே இருக்கு."

அவள் சரி என்று போய்விட்டாள். நான் அந்தக் காலண்டரில் என் வேலை எதையும் போடவில்லை. ஆனால் அவளுடையதைப் பார்க்க ஆரம்பித்தேன். காலையில் பஸ்ஸில் வரும்போதே போனைத் திறந்து அவளுடைய நாளைப் பார்ப்பேன். ஒன்பதிலிருந்து பத்து மெயில். பத்திலிருந்து பதினொன்று டிசைன் பார்ப்பது. பிறகு பார்ட்டிகளுக்குப் போன். இடையில் ஒரு வெள்ளைக் கட்டம், ஒன்றுமே இல்லாமல். அந்த வெள்ளைக் கட்டத்திலேயே என் கண் போய் நிற்கும். என் நாளில் அப்படி ஒரு இடம் கிடையாது. அடுத்தவள் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பதுபோலத் தினமும் பார்த்தேன். விட முடியவில்லை.

அப்படிப் பார்த்ததில்தான் ஒன்று தட்டுப்பட்டது. நாலரையிலிருந்து ஐந்து வரை, தினமும், ஒரு சாம்பல் நிறக் கட்டம். மற்ற எல்லாவற்றிலும் என்ன வேலை என்று எழுதியிருந்தது. இதில் மட்டும் "பிஸி" என்று ஒரே வார்த்தை. உள்ளே என்ன என்று யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தாள்.

நான் கவனிக்க ஆரம்பித்தேன். நாலரை ஆனதும் அவள் காதில் ஹெட்போனை மாட்டுவாள். நிறைய டைப் அடிப்பாள். நடுவில் போனில் மெல்லிய குரலில் பேசுவாள். "தப்பில்லங்க, சரி பண்ணிரலாம்" என்று ஒரு தடவை காதில் விழுந்தது. "நாளைக்கு மறுபடியும் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று இன்னொரு தடவை. டீச்சராக இருந்தவள். கம்ப்யூட்டர் தெரிந்தவள். சாயங்கால நேரம். எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில், பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்கிறாள்.

அந்தச் சந்தேகம் வந்த அன்று நான் எத்தனை லேசாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. வீட்டில் ரசம் வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னேன். என் கணவர் தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசர், யாரைப் பற்றியும் அதிகம் பேசாதவர்.

"நீ கண்ணால பாத்தியா?"

"காதால கேட்டேன்."

"அப்போ ஒனக்கென்ன தெரியும்? ஒன் சோலியப் பாரு."

இரண்டு வாரம் என் சோலியைப் பார்க்கவில்லை. அவளுடையதைத்தான் பார்த்தேன். அந்த வாரங்களில் என் வேலை ஆச்சரியமாகச் சுலபமாகப் போனது. பார்ட்டிகள் யாரும் போனில் கத்தவில்லை. என் அனுபவம்தான் இழுத்துப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி அறைக்குள் போனேன்.

"அண்ணாச்சி, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். டீச்சர் தெனமும் நாலரைக்கு மேல இங்கன உக்காந்து டியூசன் எடுக்காக. காலண்டர்ல பூட்டி வச்சிருக்காக, பாருங்க."

அவர் தன் கம்ப்யூட்டரில் அந்தச் சாம்பல் கட்டத்தைப் பார்த்தார். அவருக்கும் திறக்கவில்லை. டீச்சரைக் கூப்பிட்டார். நான் வெளியே போகலாமா என்று எழுந்தேன். "இருங்க" என்றார்.

அவள் வந்து நின்றாள். முதலாளி சுற்றி வளைக்கவில்லை.

"நாலரைக்கு என்ன வேல பாக்கீக டீச்சர்?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரிடம், "ஆபீஸ் வேலதான் அண்ணாச்சி" என்றாள்.

"அப்ப எதுக்குப் பூட்டு?"

"அது... வேணாமே. ஆபீஸ் வேலதான், நம்புங்க."

"டியூசன் எடுக்கீகன்னு பேச்சு வருது. தெறந்து காட்டிட்டீகன்னா முடிஞ்சு போச்சு."

டியூசன் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. அதுவரை எனக்காகத் தயங்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அந்த வார்த்தைக்குப் பிறகு தயங்கவில்லை. குனிந்து, முதலாளியின் கம்ப்யூட்டரிலேயே தன் பெயரில் உள்ளே போய், கட்டத்தைத் திறந்தாள்.

மேலே "அக்கா மெயில்" என்று எழுதியிருந்தது.

கீழே நாள்வாரியாகக் குறிப்புகள். அச்சங்குளம் பார்ட்டி, லேபிளில் எடை தப்பு என்று எழுதி மூன்று நாள் ஆச்சு, போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாச்சு, டிசைனில் திருத்தியாச்சு. நோட்டு அட்டை பார்ட்டி, கலர் மாற்றச் சொன்னது, மெஷினை ஒரு நாள் தள்ளி வைத்தாச்சு. புதிய பஸ் ஸ்டாண்டு ஜவுளிக்கடை, கோபமாக எழுதியிருந்தார், பேசிச் சமாதானம். இப்படி ஏழு வாரம். எல்லாம் என் பார்ட்டிகள். எல்லாம் டிங் டிங்குக்கு நடுவில் நான் திறக்காமலேயே விட்ட மெயில்கள். எழுந்து எழுந்து பிரிண்ட் எடுத்ததெல்லாம் கண்ணில் பட்டவை மட்டும்தான். மூன்று நாளாக யாரும் தொடாத மெயில் அவள் கண்ணில் படும்படி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். தினமும் அரை மணி நேரம் ஒதுக்கி, ஆர்டர் பிரிவு என்று மட்டும் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொன்றாக முடித்திருக்கிறாள்.

"பூட்டினது எதுக்குன்னா, அக்கா பாத்தா சங்கடப்படுவாகன்னுதான்" என்றாள். குரலில் இரக்கம் எதுவும் இல்லை.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். "ஒங்களுக்கு அம்புட்டு மெயிலா வருது?" என்று மட்டும் கேட்டார், காய்ச்சல் வந்தவளை விசாரிப்பதுபோல.

நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். நன்றி சொல்லியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்தது இன்னும் பெரிய பொறாமை. வேலையில் என்னை முந்தினாள், போகட்டும். நல்லவளாக இருப்பதிலும் முந்திவிட்டாளே என்று இருந்தது. எனக்கென்று இருந்த கடைசி இடத்தையும் அவள் எடுத்துக்கொண்டதுபோல.

ஐந்தரைக்கு அவள் ஸ்கூட்டரை எடுக்கும்போது பின்னாலேயே போனேன். என்ன சொல்லப் போனேன் என்று தெரியவில்லை. அவளே பேசினாள்.

"டியூசன்னு சொன்னது நீங்கதான?"

நான் அவள் ஸ்கூட்டரின் வெளுத்த பெயின்ட்டைப் பார்த்தேன்.

"பதினாலு வருசம் ஒரே பள்ளிக்கூடம்க்கா. டியூசன் எடுக்கக் கூடாதுன்னு அங்கன சட்டம், நான் ஒரு பிள்ளைக்குக்கூட எடுத்ததில்ல. கடைசில என் கூட வேல பாத்த ஒருத்தி, நான் வீட்டுல வச்சு டியூசன் எடுக்கேன்னு போயிச் சொன்னா. விசாரிக்கக்கூட இல்ல. அதுக்குத்தான் அனுப்பிட்டாக. இங்கனயும் அதே வார்த்த." அவள் ஹெல்மெட்டை மாட்டினாள். "இனிமே ஒங்க மெயில நீங்களே பாத்துக்கோங்க. அண்ணாச்சிகிட்டயும் சொல்லிட்டேன்."

சொன்னபடியே செய்தாள். திங்கட்கிழமை அவள் காலண்டரில் நாலரைக் கட்டம் இல்லை. வெள்ளையாக இருந்தது. என் பார்ட்டிகளின் மெயில் எதுவும் தன் கண்ணில் படாதபடி மாற்றிக்கொண்டாள். நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்த்தோம்.

தீபாவளி முடிந்ததும் காலண்டர் வேலை மொத்தமாக வந்து விழுந்தது. என் மண்டைக்குள் இருந்த இடம் போதவில்லை. அதை ஒத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. ஏழு மணிக்குக் கிளம்புவது ஏழரை ஆனது. காரியாபட்டியில் ஒரு உரக்கடைக்கு எட்டு வருடமாக நான்தான் காலண்டர் அடித்துக் கொடுக்கிறேன். அந்த வருடமும் அடித்து, மேல்விளிம்பில் தகரம் மாட்டி, கட்டுக் கட்டி, லோடு ஏற்றத் தயாராக வைத்துவிட்டு, நாளைக்கு வண்டி வருகிறது என்று சொல்லப் போன் பண்ணினேன்.

"புது அட்ரஸ்தான போட்டிருக்கீக?" என்றார் கடைக்காரர்.

"என்ன புது அட்ரஸ்?"

"கடைய மெயின் ரோட்டுக்கு மாத்திட்டோம்ல? போன மாசமே மெயில் போட்டேனே தாயி. ரெண்டு தடவ போட்டேன்."

இரண்டும் இருந்தன. இரண்டும் திறக்கப்படாமல் தடித்த எழுத்தில் இருந்தன.

புதிய முகவரியைத் துண்டுத் தாளில் அடித்து, பழைய முகவரியின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டுவது என்று முடிவானது. பைண்டிங் பெண்களோடு தரையில் உட்கார்ந்து இரண்டு நாள் நானும் ஒட்டினேன். முதல் நாள் ஐந்தரைக்கு டீச்சர் எங்களைக் கடந்துதான் வெளியே போனாள். ஒரு நொடி நின்றாள். உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன். உட்கார்ந்தால் அதற்காகவும் அவளை வெறுத்திருப்பேன். அவள் போய்விட்டாள். போனதற்காக வெறுத்தேன். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்திருந்தது. பக்கத்திலிருந்த பெண், "என்னக்கா, டீச்சர் மாதிரி நீங்களும் கம்ப்யூட்டர்லயே எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கலாம்ல?" என்று வெகுளியாகக் கேட்டாள். நான் அடுத்த துண்டுத் தாளை எடுத்து ஒட்டினேன்.

அடுத்த நாளிலிருந்து எட்டு மணிக்கே ஆபீசுக்கு வந்தேன். டீச்சர் வருவதற்கு முன் ஒரு மணி நேரம். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நானே படித்தேன். அவளிடம் போய் நிற்கக் கூடாது என்ற ஒரே வைராக்கியம். அவளைப்போல ஆக வேண்டும் என்றில்லை. அவளைவிட நன்றாக ஆக வேண்டும். முதலில் அந்த டிங் சத்தத்தை நிறுத்தினேன். நிறுத்திய அன்று மத்தியானம் வரைக்கும் எதையோ தொலைத்தவள்போல இருந்தேன். பிறகு மெயில் பார்க்க மூன்று நேரம் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் முடிவதை அப்போதே முடிப்பது, மற்றதைக் காலண்டரில் ஒரு நாளும் நேரமும் கொடுத்து அங்கே போடுவது. பத்தொன்பது வருடமாக மண்டையில் சுமந்ததை ஒவ்வொரு பார்ட்டியாக இறக்கி வைத்தேன். இறக்க இறக்கப் பயமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் என்னை யார் கேட்பார்கள்?

ஒன்று மட்டும் வரவில்லை. பார்ட்டி வாரியாக மெயில் தானாகப் பிரிய வேண்டும். வீடியோவில் சொன்னபடியே செய்தேன். எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தன. நான்கு நாள் முட்டிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் அவள் மேசைக்கு முன் போய் நின்றேன். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"டீச்சர், இது ஏன் பிரிய மாட்டேங்குது?"

அவள் தன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "பதினொன்னரைக்கு எனக்குக் கால் மணி நேரம் காலியா இருக்கு. காலண்டர்ல போட்டு அனுப்புங்க" என்றாள்.

முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஐந்தடி தூரத்தில் இருப்பவளுக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். எப்படி அனுப்புவது என்பதையே ஒரு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, நேரத்தைப் போட்டேன். கீழே விவரம் எழுத ஒரு இடம் இருந்தது. மெயில் பிரிப்பது பற்றி என்று எழுதினேன். பிறகு அடுத்த வரியில், "அன்னைக்கு அண்ணாச்சியிடம் அப்படிச் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க" என்று எழுதி, யோசிப்பதற்குள் அனுப்பிவிட்டேன்.

எதிரே அவள் அதைத் திறந்து படிப்பது தெரிந்தது. நெடுநேரம் படித்தாள், இரண்டே வரியை. என் திரையில் "ஏற்றுக்கொண்டார்" என்று வந்தது. வேறு எதுவும் இல்லை.

பதினொன்றரைக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்கன ஒரு கமா விட்டுட்டீக. அதான், எல்லாப் பேரையும் ஒரே ஆளுன்னு எடுத்துக்கிருச்சு" என்றாள். ஒரு கமா. நான்கு நாள். திருத்தியதும் மெயில்கள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்துக்குப் போயின. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஐந்து நிமிடம் மிச்சம். அவள் எழுந்திருக்கவில்லை.

"மத்ததெல்லாம் நீங்களாவா பண்ணுனீக?"

"ஆமா."

"நல்லாருக்கு. பழைய பார்ட்டிக்கெல்லாம் போன வருசம் என்ன கேட்டாகன்னு சேத்து எழுதி வச்சிருக்கீகல்ல, அது எனக்கு இல்ல" என்றாள். அவள் குரலில் லேசாக ஏதோ ஒன்று கேட்டது. எனக்குள்ளேயே தினமும் கேட்ட குரல்தான் அது. அதைக் கேட்க எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

அந்தத் தெம்பில், ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேன். "அஞ்சரைக்குப் போயி என்ன டீச்சர் பண்ணுவீக?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். மொட்ட மாடில நாற்காலி போட்டு உக்காருவேன். வீட்டுல யாரும் கூப்பிட மாட்டாக, அது என் நேரம்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஏதாவது தையல், பாட்டு, ஜெபக் கூட்டம் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றும் பண்ண மாட்டாளாம்.

பொங்கலுக்குப் பிறகு ஆர்டர் பிரிவுக்கு அவளைப் பொறுப்பாகப் போட்டார் முதலாளி. கண்ணாடித் தடுப்பு வைத்து ஒரு சின்ன அறை. "அக்கா, ஒங்களுக்கு வருத்தம் இல்லையே?" என்று கேட்டார். "இதுல என்ன இருக்கு அண்ணாச்சி" என்றேன். அன்று முழுக்க அந்தக் கண்ணாடிப் பக்கம் பார்க்காமல் இருக்கக் கழுத்து வலித்தது.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், ஐந்தே காலுக்கு, என் மெயில் பெட்டியில் ஒன்றுமே இல்லாமல் போனது. இரண்டு தடவை பார்த்தேன். நாளைக்கு உரியது நாளைக்கு இருந்தது. இன்றைக்கு உரியது முடிந்துவிட்டது. ஐந்தரைக்கு எழுந்து, கம்ப்யூட்டரை அணைத்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கால் கூசியது. யாராவது பின்னால் கூப்பிடுவார்கள் என்று வாசல் வரை காத்தேன். யாரும் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போகிற திருத்தங்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏழு மணி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் எனக்குப் பழக்கம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்தார்.

"என்னத்தா, மேலுக்குச் சரியில்லையா? ஆசுபத்திரிக்குப் போவமா?"

"அதெல்லாம் இல்ல. வேல முடிஞ்சிருச்சு, வந்துட்டேன்."

அவர் நம்பாமல் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் ஒரு டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மேற்கே மலை தெரிந்தது. மொட்டை மாடித் தரையில் இளஞ்சூடு இருந்தது. அடுத்த தெருவில் மண் விளக்குக் கிளியாஞ்சட்டி நிறத்தில் வெயில் சுவர்களில் கிடந்தது. இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடமாகிறது, இந்த நேரத்து வெயிலை நான் இங்கிருந்து பார்த்ததில்லை. டீயைச் சூடாகக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் தோன்றியது, சாத்தூர் பக்கத்தில் ஒரு மாடியில் அவள் இதைப் பல வருடமாக, தினம் தினம், யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்திலும் அப்படித்தான் இருந்திருப்பாள். கணக்குப் பார்க்க முடியாத அத்தனை சாயங்காலங்கள். வயிறு எரிந்தது.